பேசத் தெரியாத குழந்தையின் வலிக்கு எப்படி எண் போடுகிறார்கள்?

கேள்வி (14 மாத மகனின் அம்மா)
மகனுக்கு நேற்று வலது பக்கக் குடலிறக்க ஆபரேஷன். இரவு டியூட்டி சிஸ்டர் வந்து போர்வைக்கு மேலேயே ஒரு பார்வை பார்த்துவிட்டு, சார்ட்டில் வலி என்ற இடத்தில் 0 எழுதினார். அவன் அழவில்லை, உண்மைதான். ஆனால் போர்வைக்குள் வலது காலை வயிற்றோடு மடக்கியே வைத்திருந்தான். டயப்பர் மாற்றக் காலை நீட்டினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை விறைக்கிறான், சத்தமே வரவில்லை. எனக்கு வயிறு கலங்குகிறது. அந்த 0 எங்கிருந்து வந்தது? நாடித்துடிப்பை வைத்துச் சரியாக அளக்க முடியாதா?

பதில் (குழந்தைகள் வார்டு நர்ஸ்)
அம்மா, நீங்கள் கவனித்ததுதான் சரியான அளவீடு. நாங்கள் பெரும்பாலும் ஃபிளாக் என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். 1997-இல் வந்தது, 2 மாதம் முதல் 7 வயது வரைக்கும் பொருந்தும். முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறானா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை. மொத்தம் 10.

போர்வையை விலக்கிக் காலையும் உடம்பையும் பார்க்க வேண்டும் என்பது அதன் விதியிலேயே இருக்கிறது. விழித்திருந்தாலும் தூங்கினாலும் சில நிமிடமாவது நின்று பார்க்க வேண்டும். காலை மடக்கி வைத்திருந்தால் அதற்கே 2, விறைத்தால் 2. நீங்கள் சொன்னதிலேயே 4 வந்துவிட்டது, அது மிதமான வலி. முகத்தை நான் பார்க்கவில்லை. வலிக்கும் என்று பயந்து அசையாமல் கிடக்கும் குழந்தையைச் சமர்த்து என்று நினைத்துவிடுகிறோம், அதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். அடுத்த முறை டயப்பர் மாற்றும் நேரத்தில் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மருந்து கொடுத்த பிறகு மறுபடி எண் போட்டார்களா என்றும் கேளுங்கள்.

பதில் (மயக்க மருத்துவர்)
நாடித்துடிப்பு பசிக்கும் காய்ச்சலுக்கும் பயத்துக்கும்கூட ஏறும். அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மயக்கம் தெளிந்த உடனே வரும் கதறலும் எப்போதும் வலியல்ல. கண்ணைப் பார்க்காமல், அம்மாவையே அடையாளம் தெரியாமல் திமிறினால் அது மயக்கம் தெளியும்போது வரும் குழப்பமாக இருக்கலாம். உங்கள் மகனுக்கு ஒரு நாள் ஆகிவிட்டதால் அது இல்லை.

பதில் (வளர்ச்சித் தாமதமுள்ள மகளின் அப்பா)
என் மகள் வலி வந்தால் சிரிப்பாள். ஃபிளாக்கின் திருத்திய வடிவத்தில் பெற்றோர் சொல்லும் இப்படிப்பட்ட அடையாளங்களை எழுத இடம் உண்டு. கேட்டு எழுத வையுங்கள்.

மறுபடியும் அம்மா
காலை சிஸ்டரை டயப்பர் மாற்றும்போது கூப்பிட்டேன். போர்வையை விலக்கி நின்று பார்த்தார், 5 எழுதினார். பாராசிட்டமால் ஒரு வேளை விட்டுப்போயிருந்தது, உடனே கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து அவரே வந்து பார்த்து 1 எழுதினார். அந்தக் கால் இப்போது நீண்டிருக்கிறது, கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருக்கிறான்.