ஆர்.வி.யில் (வீட்டு வண்டியில்) குடியிருந்துகொண்டு மண் வேலை: தொடரலாமா, வீடு அமையும்வரை நிறுத்தணுமா?

செல்வி_ஆஷ்வில்:

ஹெலீன் புயலுக்குப் பிறகு இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. 2024 செப்டம்பர் 27 அன்று ஃபிரெஞ்ச் பிராட் ஆறு நார்த் கரோலினாவின் ஆஷ்வில்லில் 24 அடியைத் தாண்டியது. இங்கே பெரியவர்கள் 1916 வெள்ளத்தைத்தான் கதையாகச் சொல்வார்கள், அதையும் மிஞ்சிவிட்டது. நான் கப், பானை வனைந்து விற்பவள். நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு ஸ்வானனோவா ஆற்றோரம். வீடு, கராஜில் இருந்த சூளை, கடைகளுக்கு அனுப்ப அடுக்கிவைத்திருந்த சரக்கு எல்லாம் போயிற்று. சக்கரம் பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் இருந்ததால் தப்பியது.

இப்போது தோழி ஒருத்தியின் நிலத்தில், அவள் கொட்டகைக்குப் பக்கத்தில், பழைய 24 அடி டிரெய்லரில் நானும் கணவரும் இருக்கிறோம். கோடைக்கு முன்னால் வேறு வீடு அமையாது. அதுவரை மண்ணைத் தொடாதே என்கிறார் கணவர். அக்காவும் போனில் அதையேதான் சொல்கிறாள். எனக்கு உடன்பாடில்லை.

நான் வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரிக் குளிரில் ராத்திரி ஹோஸ் உறைந்துவிடும், வெயில் ஏறினால்தான் தண்ணீர். அதனால் முதல் நாளே ரெண்டு வாளி பிடித்து உள்ளே வைத்துக்கொள்வேன். சக்கரம் கொட்டகையில், ஒரு பக்கம் திறந்த இடத்தில். வனைவது அங்கே, கைப்பிடி ஒட்டுவது டிரெய்லர் பந்தலுக்குக் கீழே மடக்கு மேசையில். சீவுவது பானை பாதி இறுகிய பதத்தில் மட்டும், சுருள் சுருளாக வரும், தூள் பறக்காது. கிளேஸ் (பானைக்குப் பூசும் கண்ணாடிப் பூச்சு) பொடி எதையும் இங்கே பிரிப்பதே இல்லை. ராத்திரி பச்சைப் பானைகளை, அதாவது இன்னும் சுடாதவற்றை, பலகையோடு கொண்டுவந்து டிரெய்லரின் குளியல் தொட்டியில் அடுக்கி பிளாஸ்டிக் போட்டு மூடுவேன். யாராவது குளிக்க வேண்டுமென்றால் பலகைகள் கட்டிலுக்கு மாறும். மண் மூட்டையும் உள்ளேதான், வெளியே விட்டால் உறைந்துவிடும். உறைந்து இளகிய மண்ணில் தண்ணீர் தனியாகப் பிரிந்து ஏடு ஏடாக நிற்கும், மறுபடி முழுக்கப் பிசைய வேண்டும். சூடு போட ஊருக்கு வடக்கே ஒருவர் தன் சூளையில் தட்டு ஒதுக்கித் தருகிறார்.

ஆர்.வி.யில் இருந்தவர்கள், மண் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதில் என்ன தப்பு?

டல்லாஸ் பாலா:

செல்வி, உங்க இழப்புக்கு வருந்தறேன். ஆனா கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்றேன்: நிறுத்துங்க. தொழிற்சாலைக் காற்றில் என்ன மிதக்குதுன்னு அளக்கிறதுதான் என் வேலை, அந்த அனுபவத்தில் சொல்றேன்.

களிமண்ணில் சிலிக்கா இருக்கு. ஈரமா இருக்கிறவரை பிரச்னை இல்லை. காய்ஞ்சு தூளானா நுரையீரலுக்குள்ள போய் உட்கார்ந்துடும், அப்புறம் வெளியே வராது. அதனால வர்ற சிலிகோசிஸ்ங்கற நுரையீரல் நோய்க்கு மருந்து கிடையாது. ஓஷா (அமெரிக்க அரசோட தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு) 2016-ல போட்ட விதிப்படி, மூச்சோட உள்ளே போற சிலிக்கா ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அது எட்டு மணி நேர வேலைக்கான சராசரி.

இப்போ உங்க டிரெய்லரை எடுங்க. 24 அடி நீளம், 8 அடி அகலம், உயரம் ஆறரை அடின்னு வெச்சா உள்ளே இருக்கிற மொத்தக் காற்று சுமார் 35 கன மீட்டர். 50-ஆல பெருக்கினா 1,750 மைக்ரோகிராம். ரெண்டு மில்லிகிராம்கூட இல்லை! அவ்வளவு நுண்தூள் மிதந்தாலே உங்க வீடு முழுக்க வரம்பைத் தொட்டுடும். தொழிலாளி எட்டு மணி நேரம் முடிஞ்சு வேற காற்றுக்குப் போயிடுவான். நீங்க அதே பெட்டிக்குள்ள சமைச்சு, சாப்பிட்டு, தூங்கறீங்க. பலகையைக் கட்டில்ல வெக்கறேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பலகை ஓரத்தில் காய்ஞ்சு ஒட்டியிருக்கிற மண் எங்கே உதிரும்னு நினைக்கறீங்க?

ரேவதி_பாதையோரம்:

நாங்க வருஷக்கணக்கா ஆர்.வி.யிலேயே இருக்கோம், குளிர்காலம் அரிசோனா பக்கம். பக்கத்து வண்டியில் நகை செய்றவர், தோல் தைக்கிறவர், ஒரு மரச்சிற்பி எல்லாரையும் பார்த்தாச்சு. செய்யலாம். செல்வி, நிறுத்தாதீங்க.

ஆனா அந்தக் குளியல் தொட்டி விஷயம் எனக்கும் பயமா இருக்கு, தூசிக்காக இல்லை, ஈரத்துக்காக. பச்சை மண்ணோட எடையில் நாலில் ஒரு பங்கு, குறைஞ்சது அஞ்சில் ஒரு பங்கு தண்ணிதானே? 450 கிராம் மண்ணில் ஒரு கப்னா காயறப்போ 100 கிராம் தண்ணி காற்றில் ஏறும். முப்பது கப் வெச்சா மூணு லிட்டர். உங்க ரெண்டு பேர் மூச்சு, சமையல் ஆவி வேற. குளிர்ல அது எல்லாம் ஜன்னல்லயும் சுவர்லயும் போய் வியர்க்கும். டிரெய்லர் சுவர் மெல்லிய பிளைவுட். உள்ளே ஊறி உளுத்துப்போனது வெளியே தெரியறதுக்குள்ள தரை தொய்ய ஆரம்பிச்சுடும். மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா இப்பவே தொடங்கியாச்சு.

இன்னொண்ணு, மண் கழுவின தண்ணியை சிங்க்ல விடவே கூடாது. கழிவுநீர் டேங்க் அடியில் படிஞ்சா சிமெண்ட் மாதிரி பிடிச்சுக்கும், சென்சார் எப்பவும் நிறைஞ்சிருக்குன்னே காட்டும்.

செல்வி_ஆஷ்வில்:

சிங்கில் ஒரு சொட்டு மண்ணும் இறங்குவதில்லை ரேவதி. மூன்று வாளி வைத்திருக்கிறேன். முதல் வாளியில் கை கழுவுவேன், ராத்திரியில் மண் அடியில் தங்கிவிடும், மேல் தண்ணீரை இரண்டாவதற்கு மாற்றுவேன். அடிமண் திரும்ப வேலைக்கு வரும். மெத்தை அடியைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே ஈரம்.

பாலா, உங்கள் கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை, உண்மையாகவே. ஆனால் அந்த இரண்டு மில்லிகிராம் காற்றில் மிதந்தால்தான் ஆபத்து. என் வேலை முழுக்க ஈரத்தில் நடக்கிறது. உடுப்பும் செருப்பும் கொட்டகையிலேயே நின்றுவிடும். உள்ளே துடைப்பம் என்ற பேச்சே இல்லை, எல்லாம் ஈர ஸ்பாஞ்ச்தான். காய்ந்த பானையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதையும் விட்டுவிட்டேன். விளிம்பை ஈரத் துணியால் நீவினால் போதும்.

குணா_நியூஜெர்சி:

எனக்கு மண்ணும் தெரியாது, டிரெய்லரும் தெரியாது. ஆனா இவ்வளவு பெரிய அடி விழுந்திருக்கு. ஊருக்கே குடிதண்ணி நவம்பர் 18 வரைக்கும் கிடையாது, கொதிக்கவெச்சுக் குடின்னுதான் சொன்னாங்க. இன்ஷூரன்ஸ், அரசு உதவி, வீடு தேடறதுன்னு ஆயிரம் இருக்கு. இதுக்கு நடுவுல முப்பது கப்பைத் தூக்கிட்டு கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடக்கணுமா? ஆறு மாசம் நிறுத்தினா கை மறந்துடாதுங்க. உங்க வீட்டுக்காரர் சொல்றதுல அக்கறைதான் தெரியுது.

செல்வி_ஆஷ்வில்:

குணா, இதை நான் பொழுதுபோக்குக்குச் செய்யவில்லை. ஆஷ்வில்லில் குயவருக்கு வருஷச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு அக்டோபரில்தான் வரும். இலை நிறம் மாறுவதைப் பார்க்க வருகிற கூட்டம்தான் எங்கள் கடைகளின் உயிர். அந்த அக்டோபர் எங்களுக்கு வரவே இல்லை. ஆற்றங்கரைக் கலைப்பகுதியில் நான் சரக்கு வைத்திருந்த கடை கூரைவரை முழுகியது. டென்னசியிலிருந்து வருகிற ஐ-40 நெடுஞ்சாலையும் வெள்ளத்தில் சேதமாகி மூடப்பட்டது. இந்த வசந்தகாலச் சந்தைக்கும் மேசை போடவில்லை என்றால், வாடிக்கையாக என்னிடம் வாங்குகிறவர்கள் வேறு ஒருவரின் கப்பில் காபி குடிக்கப் பழகிவிடுவார்கள். புது வீட்டுக்கு அட்வான்ஸ் எதிலிருந்து கொடுப்பது?

படிவங்களையும் நான்தான் நிரப்புகிறேன். அதிகாரி போனை எடுக்கும்வரை காத்திருக்கிற நேரத்தில் கைப்பிடி இழுக்கிறேன்.

மானாமதுரை முத்து:

அக்கா, வணக்கம். எங்களுக்கு மண்தான் தொழில், மானாமதுரை. கடம், பானை, அடுப்பு எல்லாம் எங்க தெருவுல ஆகும்.

நீங்க கோவிச்சுக்கக் கூடாது, நான் பாலா சார் பக்கம்தான். ஆனா காரணம் வேற. ஐப்பசி, கார்த்திகைல அடைமழை பிடிச்சா எங்க ஊர்ல சூளை ஏறாது. பானை காயாது, வைக்கோல் நனைஞ்சிரும். அந்த நாள்ல எங்க அப்பா வனையவே மாட்டாரு. கண்மாயில எந்த இடத்து மண்ணு எப்படி இருக்குன்னு பாத்து வைப்பாரு, கடத்துக்குத் தட்டுற பலகையைச் செதுக்குவாரு, சக்கரத்தைச் சரி பண்ணுவாரு. அதனால அவரு குயவரு இல்லேன்னு ஆயிருச்சா? காலம் தோதா இல்லாதப்ப வனைஞ்சா பாதிப் பானை விரிஞ்சுதான் போகும். நீங்க இப்ப கொண்டுபோற பச்சைப் பானைல எத்தனை முழுசா சூளைக்குப் போய்ச் சேருது? அதைச் சொல்லுங்க முதல்ல.

செல்வி_ஆஷ்வில்:

முத்து தம்பி, நீங்கள் கேட்டதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. மலைப்பாதை, வளைவுக்கு வளைவு குலுங்கும். நன்றாகக் காய்ந்த பச்சைப் பானைதான் எல்லாவற்றையும்விட நொய்மையானது, கைப்பிடி ஒட்டின இடத்தில் மயிரிழை விரிசல் விடும். ஆரம்பத்தில் நிறையப் போனது. இப்போது பின்சீட்டில் கனமான ஃபோம் போட்டு, கப்பின் வாய்க்குள்ளும் துண்டு ஃபோம் அடைத்து, மெதுவாக ஓட்டுகிறேன். கைப்பிடியைக் குட்டையாக, தடிப்பாக மாற்றிவிட்டேன். உடைவது எப்போதாவது ஒன்றுதான்.

உங்கள் அப்பாவுக்கு மழை போய்விடும் என்று தெரியும், அதற்குப் பிறகு தைக்குப் பொங்கல் பானை விற்கும். எனக்கு எந்த மாதத்தில் விடியும் என்று தெரியவில்லை.

குமரன்77:

நடுவுல ஒரு யோசனை. வெள்ளம் கொண்டுவந்த மண்ணு டன் கணக்குல கிடக்குமே. அதுல செஞ்சு வித்தா வாங்கறவங்களுக்கும் நினைவுப் பொருளா இருக்குமே? நார்த் கரோலினாவுல ஆத்துப்படுகை மண்ணுல செய்ற வழக்கம் உண்டுதானே?

செல்வி_ஆஷ்வில்:

உண்டு. கட்டாபா பள்ளத்தாக்கில் ஆற்றுப்படுகைக் களிமண், மரச்சாம்பலும் கண்ணாடித் தூளும் சேர்ந்த கிளேஸ், விறகுச் சூளை என்று பெரிய பாரம்பரியமே இருக்கிறது. பர்லன் கிரெய்க் என்ற குயவர் 2002-ல் இறக்கும்வரை அதை விடாமல் செய்தார். நியூயார்க் பக்கம் ஹட்சன் ஆற்று மண்ணை அப்படியே கரைத்து கிளேஸாகப் பூசியதும் உண்டு, ஆல்பனி ஸ்லிப் என்பார்கள்.

ஆனால் இது அந்த மண் இல்லை குமரன். சாக்கடை, டீசல், இடிந்த கட்டடங்களின் ரசாயனம் எல்லாம் கலந்து வந்த சேறு. கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள் என்று சொன்னார்கள். சுட்டால் கிருமி சாகும். ஆனால் சுடுவதற்கு முன்னால் நாள்கணக்காக அதைப் பிசைவது என் கைதான். அந்தச் சேற்றை வீட்டிலிருந்து மண்வெட்டியால் வாரிக் கொட்டியவள் நான். அதை விலை போட்டு விற்க எனக்கு மனசு வராது.

ரேவதி_பாதையோரம்:

உபயோகமான விஷயத்துக்கு வருவோம். கொட்டகையில் கரண்ட் இருக்கா? சின்ன சூளை வாங்கிட்டா இந்த மலைப்பாதைப் பயணமே வேண்டாமே?

செல்வி_ஆஷ்வில்:

கொட்டகையிலிருந்து டிரெய்லருக்கு வருவது 30 ஆம்ப், 120 வோல்ட். மொத்தம் 3,600 வாட்தான். ஹீட்டர் ஒன்றே 1,500 தின்கிறது. நான் இழந்த சூளை போன்ற ஏழு கன அடி சூளைக்கு 240 வோல்ட்டில் 48 ஆம்ப் வேண்டும். 1,800 வாட்டில் ஓடும் சோதனைச் சூளை கிடைக்கும், ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று கப்தான் நிற்கும். அதுவும் இது வைக்கோல் அடுக்கிய மரக்கொட்டகை. தோழியின் சொத்தில் அந்த ஆபத்தை நான் எடுக்க மாட்டேன்.

டல்லாஸ் பாலா:

இதுல நீங்க காட்டற ஜாக்கிரதையை நுரையீரலுக்கும் காட்டுங்கன்னுதான் கெஞ்சறேன். ஈரத்தில் வேலை செய்றேங்கறீங்க, நம்பறேன். ஆனா ஈரம் காயும். தலைமுடியில், சட்டைக் கையில், பலகையில், உங்க வீட்டுக்காரர் தெரியாம மிதிச்சுட்டு வர்ற ஷூவில் எல்லாம் காயும். அவர் இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்கலை, ஆனா அதே காற்றைத்தான் அவரும் சுவாசிக்கறார்.

நான் ஒரே ஒரு கோடு போடறேன்: டிரெய்லர் வாசப்படி. அதைத் தாண்டி மண் உள்ளே வரக்கூடாது. பானையும் வரக்கூடாது, பலகையும் வரக்கூடாது, மூட்டையும் வரக்கூடாது. அது முடியும்னா செய்யுங்க. முடியாதுன்னா நிறுத்துங்க.

மானாமதுரை முத்து:

சார் சொல்ற கோடு எங்க ஊர்லயும் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். எங்க வீட்டுல திண்ணையிலதான் வேலை, ஆனா மழை வந்தா எல்லாம் உள்ள வந்துரும், சோத்துப் பானைக்குப் பக்கத்துல பச்சைப் பானை இருக்கும். தாத்தாவுக்குக் கடைசிவரை இருமல். என்ன சீக்குன்னு யாரும் பாத்ததில்லை, பீடியும் குடிப்பாரு. அதனால மண்ணுதான்னு நான் சொல்ல மாட்டேன்.

செல்வி_ஆஷ்வில்:

இந்த வாரம் மாற்றியதைச் சொல்கிறேன். குளியல் தொட்டி காலி. கொட்டகையில் ஓடாத பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கிடந்தது. கதவு இறுக்கமாக மூடுகிறது, அடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் பானைகள் பதம் மாறாமல் நாள்கணக்காக இருக்கின்றன. உறையும் ராத்திரிகளில் உள்ளே வெந்நீர்ப் பாட்டில் இரண்டு வைக்கிறேன், இதுவரை ஒன்றும் உறையவில்லை. மெத்தையைத் தூக்கி அடியில் சட்டம் அடித்துக் காற்றோட்டம் விட்டாயிற்று. வேலை முடிந்ததும் தலைத்துணியைக் கொட்டகையிலேயே நனைத்து வைக்கிறேன். கணவருக்கு இதில் பாதி சம்மதம்.

மண் மூட்டை மட்டும் உள்ளேதான் இருக்கும் பாலா. இரட்டை பிளாஸ்டிக்கில் கட்டி, மூடி போட்ட டப்பாவில், கதவோரம். ஈர மண், காற்று புகாத டப்பா, அதிலிருந்து தூசி வராது. டப்பாவின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துத்தான் உள்ளே எடுக்கிறேன்.

டல்லாஸ் பாலா:

மூட்டையும் அந்த ஃபிரிட்ஜுக்குள்ளயே போகட்டுமே? வெந்நீர்ப் பாட்டில்தான் இருக்கே.

செல்வி_ஆஷ்வில்:

பானைப் பலகைக்கே அதில் இடம் போதவில்லை. இன்னொரு ஃபிரிட்ஜ் கிடைக்கிறதா என்று தேடுகிறேன். கிடைக்கும்வரை மூட்டை உள்ளேதான்.

குணா_நியூஜெர்சி:

நான் இன்னும் நிறுத்தணும்னுதான் சொல்வேன். ஆனா வசந்தகாலச் சந்தை எந்த ஊர்ல, எப்பன்னு சொல்லுங்க. நியூஜெர்சிக்குப் பார்சல் அனுப்புவீங்களா?