மாடிக் கொத்தமல்லி: புதுப்பிப்பு

சித்திரையில் விதைத்த கொத்தமல்லி ஒரு சாண் வளருமுன்பே பூத்துவிட்டது, விதை சரியில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். விதையில் குற்றமில்லை, மதுரை வெயில்தான். குளிர்ச்சியை விரும்பும் செடி அது. சூடு கூடினால் இலையை விட்டுப் பூவுக்குப் போய்விடும்.

சரி என்று கார்த்திகை வரை காத்திருந்தேன். மிச்சமிருந்த அதே தனியாவை இரண்டாக உடைத்து (ஒவ்வொன்றுக்குள்ளும் 2 விதை), ஓர் இரவு ஊறவைத்து, நேராகத் தொட்டியிலேயே தூவினேன். பிடுங்கி நட்டால் வேர் நோகும், அதனாலும் சீக்கிரம் பூத்துவிடும். 9ஆம் நாள் முளைத்தது. மார்கழிப் பனியில் எப்படித் தழைத்திருக்கிறது தெரியுமா! நடுக்குருத்தை விட்டுவிட்டு வெளி இலைகளை மட்டும் கிள்ளுகிறேன். நேற்று ரசத்துக்கு இதுதான், வீடெல்லாம் வாசம். தை பிறந்ததும் இன்னொரு தொட்டி விதைக்கிறேன்.