மதுரையில் தம்பதிக்கான கவுன்சலிங்: யாரிடம் போகலாம்?

கணவன், மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுகிற கவுன்சலரை மதுரையில் தேடுகிறேன். 2019இல் கல்யாணம், ஒரு பையன். அவருக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். போன வருஷம் மாமனாரின் ஆபரேஷனுக்கு என்னைக் கேட்காமல் நகையை அடகு வைத்ததில் ஆரம்பித்தது. இப்போது "சாப்பிட வரச் சொல்லு" என்பதைக்கூடப் பையனிடம்தான் சொல்லி அனுப்புகிறோம். குடி, கை நீட்டுவது எதுவும் கிடையாது.

பெரியவர்களை வைத்துப் பேசினோம், அது பஞ்சாயத்தாகிவிட்டது. ஒரு மனநல மருத்துவர் என்னை மட்டும் பார்த்துத் தூக்க மாத்திரை எழுதினார். டெலிமனாஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பொறுமையாகக் கேட்டார்கள், மனசு லேசானது. ஆனால் எங்களுக்கு நேரில், தொடர்ந்து போக ஆள் வேண்டும். குடும்ப நல நீதிமன்றத்தில் கவுன்சலர் உண்டுதான், அதற்கு வழக்கு வேண்டுமே. நாங்கள் பிரிய நினைக்கவில்லை.

அவரும் வரச் சம்மதித்துவிட்டார், எனக்கு அதுவே பெரிய விஷயம். சொந்தக்காரர் காதுக்குப் போகக் கூடாது என்கிறார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள சைக்காலஜிஸ்ட் யாரிடமாவது நீங்கள் ஜோடியாகப் போய்ப் பலன் கண்டிருக்கிறீர்களா?