சூளையில் வெடித்த பூச்சாடி: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

சக்கரத்துக்குப் புதுசு

கோவையில் சனி, ஞாயிறு மட்டும் மண்பாண்டம் செய்யும் சக்கரத்தில் உட்காருகிறேன். ஒன்றரை வருஷம் ஆகிறது. மண்ணை ஆடாமல் நடுவில் நிறுத்தவே மூன்று மாதம் போனது. அந்த அழுகையை எல்லாரும் அழுதிருப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு பூச்சாடி செய்தேன். அடிப்பாகம் கொஞ்சம் தடிமன். எனக்குச் சொந்தச் சூளை கிடையாது. ஊருக்கு வெளியே பானை செய்யும் பெரியவர் ஒருவர் தன் சூளையில் ஓரமாக இடம் தருவார். பத்து நாள் நிழலில் கிடந்த சாடி, தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. அவர் வாங்கி, அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "சில்லுன்னு இருக்கே தம்பி, இன்னும் ஒரு வாரம் போகட்டும்." தங்கை கல்யாணத்துக்கு வேண்டும் என்று நான்தான் கெஞ்சினேன்.

தீ வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. உள்ளே டப்பென்று ஒரு சத்தம். மறுநாள் சூளையைப் பிரித்தால், சாடி இருந்த இடத்தில் ஓட்டுக் குவியல். பக்கத்தில் அவருடைய பானைகள் நான்கு உடைந்து கிடந்தன. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "மண்ணு என்ன பண்ணும், நீ தண்ணிய உள்ள வச்சுக் குடுத்துட்ட" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

காற்றுக் குமிழி இருந்தால்தான் வெடிக்கும் என்று நான் பழகிய இடத்தில் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பயந்து கை வலிக்க வலிக்கப் பிசைந்திருந்தேன். வெடிக்க வைத்தது ஈரம். 100 டிகிரியைத் தாண்டியதும் மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. தடித்த சுவருக்குள்ளிருந்து சட்டென்று வெளியேற முடியாமல் பிய்த்துக்கொண்டு வருகிறது. குமிழி இருந்தாலும் நன்றாகக் காய்ந்த பாண்டம் பெரும்பாலும் தப்பிவிடும்.

கண்மாய்க்கரை

தம்பி, உங்களுடையது சூளையிலேயே வெடித்தது. என்னுடையது அலமாரியில் வைத்த பிறகு வெடித்தது!

எனக்கு மானாமதுரைப் பக்கம். 2023இல் எங்கள் ஊர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் என்னிடம் கடம் கேட்கிறார்கள். எனக்கு வருவது அகலும் உண்டியலும்தான்.

கடையில் மண் வாங்குவானேன் என்று கண்மாயில் நானே வெட்டிக் கொண்டுவந்தேன். கண்ணில் பட்ட கல்லைப் பொறுக்கிவிட்டு அப்படியே பிசைந்தாயிற்று. சூளையிலிருந்து இருபது உண்டியலும் சிவப்பாக, மணி மாதிரி வந்தன. மூன்றாம் நாள் காலையில் ஒன்றின் வயிற்றில் எட்டணா அகலத்துக்கு ஒரு சில்லு தெறித்து விழுந்திருந்தது. குழிக்கு நடுவில் மிளகளவு வெள்ளைப் பொட்டு. ஒரு வாரத்துக்குள் பாதிக்குமேல் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டன.

மண்ணோடு வந்த சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல்தான் காரணம். சூளைச் சூட்டில் அது நீற்றாத சுண்ணாம்பாகிறது. அப்புறம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து உப்பி, மேலே இருக்கும் ஓட்டைத் தள்ளிவிடுகிறது. இப்போதெல்லாம் மண்ணைக் காயவைத்து உடைத்து, தண்ணீரில் கரைத்து, கொசுவலையில் இரண்டு தடவை வடிகட்டிய பிறகுதான் கை வைக்கிறேன். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

மொட்டைமாடி

அக்கா, அண்ணா, எனக்குச் சூளை வரைக்கும் போகிற பாக்கியமே இல்லை. தேநீர்க் குவளை செய்தால் கைப்பிடி ஒட்டிய இடத்தில் விரிசல். ஆறு குவளை, ஆறிலும். ஃபேனுக்கு அடியில்தான் வைக்கிறேன், சீக்கிரம் காயட்டும் என்று.

கண்மாய்க்கரை

ஃபேனை முதலில் நிறுத்துங்கள் பாப்பா. கைப்பிடி ஒல்லி, குவளைக்கு முன்னாடியே காய்ந்து சுருங்கி இழுக்கிறது. நகத்தால் அழுத்தினால் தடம் மட்டும் விழுகிற பதத்தில் இரண்டும் இருக்கும்போது, இரண்டு பக்கமும் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி அழுத்துங்கள். அப்புறம் பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து மூன்று நாள் விட்டுவிடுங்கள். கைப்பிடிக்கு மட்டும் ஈரத்துணி சுற்றினாலும் சரி.

உடைந்ததைத் தூக்கிப் போட வேண்டாம். முழுக்கக் காயவிட்டுத் தண்ணீரில் போட்டால் தானாகக் கரையும். அரைகுறை ஈரத்தில் போட்டால் கட்டி கட்டியாகவே கிடக்கும். கழுவின தண்ணீரை மட்டும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். குழாய் அடைத்து நான் பிளம்பருக்குக் கொடுத்த காசில் ஒரு மூட்டை மண் வாங்கியிருக்கலாம். மாடியையும் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

சக்கரத்துக்குப் புதுசு

அக்கா சொன்ன பிளாஸ்டிக் பை வைத்தியத்தை நானும் செய்கிறேன். போன வாரம் ஒரு தட்டு எடுத்துப்போனேன், இருபத்திரண்டு நாள் காய்ந்தது. பெரியவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் வெயில் படுகிற பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.