சுடிதார் அளவெடுத்தபோது தெரிந்த முதுகு வளைவு

மதுரையிலிருந்து ஒரு தாய்:

மகளுக்கு அப்போது 13 வயது. தீபாவளிக்குச் சுடிதார் தைக்க அளவெடுத்த அக்கா, நாடாவை இரண்டு தோளிலிருந்தும் இறக்கிப் பார்த்துவிட்டு, "வலது தோள் ஏறி நிற்கிறதே, பாப்பாவை நேராக நிற்கச் சொல்லுங்கள்" என்றார். அவள் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தாள். புத்தகப் பையைச் சரியாக மாட்டாததால் வந்த கோணல் என்று எண்ணி, பல மாதங்களாக நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எலும்பியல் மருத்துவர், எக்ஸ்ரேவுக்கு எழுதுவதற்கு முன்பே, உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு முழங்கால் மடங்காமல் குனியச் சொன்னார். நின்றபோது கண்ணில் படாதது குனிந்ததும் தெரிந்தது. முதுகின் வலப்புறம் விலா எலும்புகள் மேடாக எழும்பியிருக்க, இடப்புறம் தாழ்ந்து கிடந்தது. எக்ஸ்ரேயில் வளைவின் அளவைக் காட்டும் காப் கோணம் 28 டிகிரி. பத்து டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்பார்களாம். வளரும் பருவத்தில் வரும் இந்தப் பக்கவாட்டு வளைவுக்குப் பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை என்றும், பையோ உட்காரும் விதமோ இதை உண்டாக்குவதில்லை என்றும் அவர் சொன்னபோது, நான் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து அழுதுவிட்டேன்.

வயதுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாததால் அவளுக்கு இன்னும் வளர்ச்சி மிச்சம் இருந்தது. வளர வளர வளைவும் கூடும் என்பதால், உடம்பைச் சுற்றி அணியும் பிரேஸ் என்ற தாங்கியைப் போட்டார்கள். அது வளைவை நிமிர்த்துவதற்கல்ல, மேலும் கூடாமல் தடுப்பதற்கு. நாளுக்கு 18 மணி நேரம் அணிய வேண்டியிருந்தது. தையல் உறுத்தித் தோல் சிவந்ததால், உள்ளே போடும் பருத்திப் பனியனைப் புறம் திருப்பிப் போட்டுவிடுவேன். இப்போது அவளுக்கு 17 வயது, வளர்ச்சி முடிந்துவிட்டது, கோணம் 31 டிகிரியில் நிற்கிறது.

பிசியோதெரபி பயிலும் மாணவர்:

அம்மா, அந்த மேடு ஏன் எழும்புகிறது என்பது, முதலாண்டில் முள்ளெலும்பைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகளிலும் இருபுறமும் விலா எலும்புகள் வந்து பொருந்துகின்றன. ஸ்கோலியோசிஸில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு நிற்பதில்லை, தன் அச்சில் முறுக்கவும் செய்கிறது. முள்ளெலும்பு திரும்பும்போது விலாவும் கூடவே திரும்புவதால், வளைவு புடைத்த பக்கத்தில் அது பின்னோக்கித் தள்ளப்படுகிறது. பின்னாலிருந்து பார்த்தால் முதுகெலும்பு நேர்கோடாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தாலோ வளைவுகள் இருந்தே ஆக வேண்டும்: கழுத்தில் முன்னோக்கி, மேல்முதுகில் பின்னோக்கி, இடுப்பில் மறுபடியும் முன்னோக்கி. கருவில் ஒரே வளைவாகச் சுருண்டிருக்கும் முதுகில், குழந்தைக்குத் தலை நிற்கும்போது கழுத்து வளைவும், எழுந்து நடக்கும்போது இடுப்பு வளைவும் நன்கு உருவாகின்றன.

சேலத்திலிருந்து ஒருவர்:

என் அக்காவுக்கு இருந்ததால் எனக்கும் 12 வயதில் பார்த்தார்கள். 14 டிகிரிதான் இருந்தது. பிரேஸ் தேவைப்படவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துக் கவனித்ததோடு சரி. இப்போது என் மகளுக்குப் பத்து வயது. அவளையும் அவ்வப்போது குனியச் சொல்லிப் பார்த்துவருகிறேன்.