முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் செய்தது என்ன?

புதுகை அம்மா:
மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் முத்துலட்சுமி ரெட்டி பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். எங்கே தேடினாலும் "முதல் பெண், முதல் பெண்" என்றுதான் வருகிறது. எங்கள் ஊர்க்காரர். சட்டசபையில் அவர் என்னதான் செய்தார் என்று யாராவது சொல்லுங்களேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். கர்ப்பிணிகளை இவர் பெயரிலுள்ள மகப்பேறு உதவித் திட்டத்தில் பதிந்தே என் காலம் போனது. தொகை 6,000, 12,000 என்று ஏறி 2018-இல் 18,000 ஆனதையும் பார்த்தேன். ஒருநாள் ஒரு பெண், "யாருக்கா இந்த ரெட்டி, ஆந்திராவா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் படிக்க ஆரம்பித்தேன். (ரெட்டி என்பது கணவர் டாக்டர் சுந்தர ரெட்டி வழி வந்த பெயர்.)

சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமன உறுப்பினராகப் போனவரை ஒருமனதாகத் துணைத் தலைவராக்கினார்கள். தேவதாசி ஒழிப்பைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பாப்பா அதற்கு முந்தைய 1929 சட்டத் திருத்தத்தைச் சொல்லட்டும். கோயில் ஊழியத்துக்காக அந்தப் பெண்களுக்கு இனாம் நிலம் இருந்தது. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். அப்புறம் எப்படி வெளியே வருவார்கள்? இவர் கொண்டுவந்த திருத்தத்தால் ஊழியம் நீங்கியது, நிலம் அவர்களிடமே நின்றது. முதலில் சோற்றுக்கு வழி செய்திருக்கிறார். இவருடைய அம்மா சந்திரம்மாள் அந்தச் சமூகத்தில் பிறந்தவர் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் மசோதா 1930-இல் வந்தது. சட்டமானது 1947-இல்தான். அதே 1930-இல் காந்தி கைதானதும் இவர் பதவியை விட்டுவிட்டார்.

அடையாறுவாசி:
"இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்" என்று எழுதிவிடாதீர்கள், தவறு. இவர் பட்டம் பெற்றது 1912-இல். வங்காளத்தின் கடம்பினி கங்கூலி இவருக்கு வெகு முந்தியவர். இன்னொன்று, தங்கை புற்றுநோயில் இறந்த துயரம்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. என் அம்மாவுக்கு அங்கேதான் சிகிச்சை நடந்தது.

புதுகை அம்மா:
படித்துக் காட்டினேன். நிலத்தைப் பற்றியே முதலில் பேசுகிறேன் என்கிறாள். அக்கா, இனாம் என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
செய்கிற வேலைக்குச் சம்பளமாகப் பணம் தராமல் நிலத்தைக் கொடுப்பது. அவ்வளவு போதும்மா.