மூத்தவனுக்கு வளர்ச்சித் தாமதம், கையில் பச்சைக்குழந்தை: வீட்டுத் தெரபி எப்படி?

கேள்வி: மூத்தவனுக்கு 3 வயது, நாலைந்து சொல்தான் பேசுவான். பாப்பாவுக்கு 20 நாள். பால் கொடுக்க உட்கார்ந்தாலே வந்து கண்ணில் விரல் வைக்கிறான். வீட்டுப் பயிற்சியும் நின்றுபோச்சு.

பதில் 1: “குத்தாதே” என்றால் அவனுக்குக் “குத்து” மட்டும்தான் பிடிபடும். செய்ய வேண்டியதைச் சொல்லுங்க: “பாப்பா கால் தொடு”. சொல்லும்போதே அவன் கையைப் பிடித்துப் பாதத்தில் வையுங்க. பால் நேரத்துக்கென்றே ஒரு கூடை வையுங்க. துணிப் புத்தகம், அடுக்கும் கிண்ணம், கிலுகிலுப்பை போதும். மற்ற நேரம் அதை ஒளிச்சிடணும், இல்லாட்டி ரெண்டே நாளில் மவுசு போயிடும்.

பதில் 2: பயிற்சிக்கு 45 நிமிடம் சேர்ந்தாற்போல் இனி கிடைக்காதுங்க. 5 நிமிடமாக ஆறு தடவை செய்யுங்க. டயப்பர் எடுத்து வரச் சொல்வதும் பயிற்சிதான். சொல்லிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்க. நாம் மூணு எண்ணுவதற்குள் எடுத்துக் கொடுத்துடுவோம், அங்கேதான் கெடுது.

பதில் 3: ரெண்டு பேரையும் தனியே விடாதீங்க, அடுப்பை அணைக்கப் போகும் நேரத்துக்குக்கூட. பாப்பாவுக்கு ஒரு மாதத்துக்குள் காது கேட்கும் சோதனை செய்திடுங்க. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் (வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான அரசு மையம், DEIC) மூத்தவனுக்கான தெரபி இலவசம். அவனுடைய பழைய ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டு போங்க.